நாலரை மணித் தண்ணீர்

என் தங்கையைக் கொன்றவன் நான்தான் என்று பத்தொன்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். ஆயுதம், ஒரு டம்ளர் தண்ணீர். விஷம் கிஷம் எதுவும் கலக்கவில்லை. டேங்கர் லாரியில் வந்து, அம்மா துணி கட்டி வடித்துப் பானையில் ஊற்றி வைத்த சாதாரணத் தண்ணீர். கொடுத்த எனக்கு வயது பதினொன்று. குடித்த அவளுக்கு நாலு.

கம்பெனி பஸ்ஸில் என்னோடு இத்தனை வருடம் இடித்துக்கொண்டு வந்தவர்களே, என்னைப் போலவே ஐம்பதைத் தாண்டி மூட்டுவலித் தைலம் மணக்கிறவர்களே, உங்களுக்கு என்னைத் தெரியும். பஸ் சிப்காட் கேட்டைத் தொடுவதற்குள் நாலு பேரைக் கலாய்க்காவிட்டால் எனக்குக் காலை இட்லி செரிக்காது. என் பையில் எப்போதும் இரண்டு பாட்டில் தண்ணீர் இருப்பதைப் பார்த்து ஆளுக்கொரு காரணம் சொன்னீர்கள். சர்க்கரை என்றார் ஒருவர். கிட்னியில் கல் என்றார் இன்னொருவர். கல்தான் என்று நானும் ஒப்புக்கொண்டு பேச்சை முடித்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன். ரிட்டயர் ஆகிற வயது நெருங்குகிறது, பிறகு யாரைப் பிடித்து வைத்துச் சொல்வது?

நான் ஆறாவது படித்த வருடம். அறிவியல் எடுத்த சார் தெற்கத்திக்காரர். ஓசூருக்கு மாற்றலாகி வந்ததில் அவருக்கு ஏகப்பட்ட வருத்தம். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைத்தெருவில் பேசுகிற கன்னடமும் தெலுங்கும் புரியவில்லை. எங்கள் தமிழ் அதைவிடப் புரியவில்லை. தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது மட்டும் ஆள் மாறிவிடுவார்.

"நிறம் கெடையாது, மணம் கெடையாது, ருசி கெடையாது. ஒண்ணுமே இல்லாத சாதுன்னு நெனைப்பிய. அது இல்லன்னா நீ இல்ல, நான் இல்ல, வெளிய மேயிதே எருமை, அதுவும் இல்ல. நம்ம ஒடம்புல மூணுல ரெண்டு பங்கு தண்ணிதாம்ல."

நான் எழுந்து நின்றேன். "அப்பிடின்னா குலுக்குனா ஏன் சார் சத்தம் வரல?"

"ஒன் தலையக் குலுக்கிப் பாரு, வரும்."

வகுப்பே உருண்டது. அடி வாங்காமல் நாற்பது பேரைச் சிரிக்க வைக்கலாம் என்று நான் கண்டுபிடித்த நாள் அது. அதற்கப்புறம் அந்தத் தொழிலை விடவில்லை.

பள்ளிக்கூடத்தில் கேட்டதையெல்லாம் சாயங்காலம் வீட்டில் தங்கைக்குப் பாடம் எடுப்பேன். எங்கள் வீடு சிப்காட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட லைன் வீடு, எட்டில் மூன்றாவது. அப்பா உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் லேத் ஓட்டினார். அம்மா பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டினாள். அதனால் எங்கள் வீட்டில் எப்போதும் உடைந்த பிஸ்கட் வாசனை. தங்கையின் தலைமுடியில்கூட அந்த வாசனை இருக்கும்.

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அப்பாவின் பழைய சவர பிளேடை மெல்லப் படுக்க வைத்தேன். மிதந்தது.

"தண்ணிக்கு மேல மெல்லிசா ஒரு தோல் இருக்கு. அதுமேலதான் அது படுத்திருக்கு" என்றேன் சார் குரலில்.

அவள் விரலை நீட்டித் தொட்டாள். பிளேடு சறுக்கிக்கொண்டு மூழ்கியது. அவள் முகம் கோணிவிட்டது. "அண்ணா, தோலு கிழிஞ்சிபோச்சி! தண்ணிக்கு வலிக்கும்!" தண்ணீருக்கு மஞ்சள் தடவ வேண்டும் என்று அடம். தடவினோம்.

இன்னொரு நாள் வெள்ளை நந்தியாவட்டைப் பூவை இங்க் கலந்த தண்ணீரில் காம்போடு நிறுத்தி வைத்தேன். காலையில் இதழெல்லாம் நீல நரம்பு. தண்ணீர் தானாகவே காம்பில் ஏறும், போகும்போது கரைந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு போகும், மரம் அப்படித்தான் சாப்பிடுகிறது, நாமும் அப்படித்தான் என்று விளக்கினேன். நான் பல் விளக்கிவிட்டு வருவதற்குள் அவள் அந்த இங்க் தண்ணீரைக் குடித்துவிட்டு, தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு எப்ப அண்ணா நீலப் பூ வரும்?"

இரண்டு நாள் அவள் நாக்கு நீலம். எனக்கு முதுகு சிவப்பு. இரண்டு நாளும் அவள் செத்துவிடுவாள் என்று பயந்து, தூங்குகிறவளின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தும்மினாள், அவ்வளவுதான்.

முழுப்பரீட்சையில் 'நீரின் பண்புகளை எழுதுக' என்று கேட்டார்கள். ஐந்துக்கு ஐந்து.

மே மாதம் தெருவில் வரிசையாகப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. கிருஷ்ணகிரியிலிருந்து கூடை கூடையாக மாம்பழம் வந்து இறங்குகிற சமயம் என்பதால் பழி மாம்பழத்தின் மேல் விழுந்தது. சூடு என்றார்கள். டேங்கர் தண்ணீரை யாரும் சந்தேகப்படவில்லை. தங்கைக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தது. விடிவதற்குள் பாவாடை, சட்டை, கிழிந்த வேட்டி எல்லாம் தீர்ந்து கொடியில் தொங்கியது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரையைக் கொடுத்தவுடன் வாந்தி எடுத்தாள்.

பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்குக்காரம்மா. நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம். எங்கள் லைனில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். வந்து பார்த்தார். அம்மா டம்ளரைத் தங்கை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அத்தை அதைப் பிடுங்கினார்.

"வத்து வத்து! தண்ணி காட்டாதம்மா. நீ ஊத்த ஊத்த அது போய்க்கினேதான் இருக்கும். வயித்தக் காயப் போடு. ஒரு நாள் காஞ்சா கப்புனு நின்னுடும். எம்புள்ளைங்க மூணுத்துக்கும் அப்பிடித்தான் செஞ்சன்."

எல்லார் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். அம்மாவுக்கும் அது தெரிந்த வழிதான். எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. ஓட்டைக் குடத்தில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா?

திங்கட்கிழமை காலை ஏழு மணி. அப்பா ஆறு மணிக்கே போய்விட்டார், ஓவர்டைம், இரவுதான் வருவார். பிஸ்கட் கம்பெனியில் லாரி லோடுக்கு நிற்கிறது, லீவு போட்டால் அப்புறம் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சனிக்கிழமையே சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக வாசலில் நின்றாள்.

"கண்ணு, அஞ்சு மணிக்கெல்லாம் ஓடியாந்துர்றன். தண்ணி மட்டும் குடுத்துடாத. கேப்பா. அழுவா. எது செஞ்சாலும் குடுக்காத. சரியா?"

"சரிம்மா."

"என் தலை மேல சத்தியம்?"

அம்மா குனிந்தாள். நான் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

மண்பானையை என்னால் தூக்கிப் பரண்மேல் வைக்க முடியவில்லை. மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்து, பக்கத்தில் மர ஸ்கேலுடன் உட்கார்ந்துகொண்டேன். கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் உட்காருவாரே, அந்தத் தோரணை. இப்போது நினைத்தால் எழுந்து வந்து அந்தப் பையனை ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

"அண்ணா, தண்ணி."

"வராது. டேங்கர் பஞ்சர்."

"பானைல இருக்கே."

"அது தண்ணி இல்ல. தண்ணியோட போட்டோ."

அதற்கு அவள் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். அந்தத் தைரியத்தில் நான் இன்னும் ஜோக் சொன்னேன். குரங்கு மாதிரி நடந்து காட்டினேன். பாயிலேயே போய்க்கொண்டிருந்தாள். துணி மாற்றினேன். மறுபடி கேட்டாள். மறுபடி ஜோக். பத்து மணிக்கு மேல் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழ ஆரம்பித்தாள்.

அந்த அழுகையைத்தான் சொல்ல வேண்டும். வாய் கோணியது. தொண்டையிலிருந்து சத்தம் வந்தது. கன்னம் மட்டும் காய்ந்தே இருந்தது. கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. எனக்கு அவள் குட்டு வெளிப்பட்ட சந்தோஷம்.

"ஏய், பொய்யழுவ! பொய்யழுவ! கண்ணுல தண்ணியே வரல பாரு!" கைகொட்டிச் சிரித்தேன்.

சத்தம் கேட்டு அத்தை எட்டிப் பார்த்தார். "அதானே! எம்மாம் நடிப்பு பாரு இவளுக்கு. நீ குடுத்துடாத நாயனா" என்று சொல்லிவிட்டு, வறுத்த டீத்தூளில் எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரே ஒரு ஸ்பூன் நாக்கில் விட்டுப் போனார். நல்ல மனுஷி. அன்று தங்கையின் துணியெல்லாம் அலசிப் போட்டவரும் அவர்தான்.

மத்தியானம் கூரை கொதித்தது. விளையாட்டுக் காட்டலாம் என்று அவள் புறங்கையைக் கிள்ளினேன். விட்ட பிறகும் தோல் கூடாரம் போட்டதுபோல் அப்படியே நின்றது. ரொம்ப நேரம் கழித்து மெல்ல இறங்கியது.

"இங்க பாரு, மலை!" என்றேன்.

அவளும் பார்த்தாள். இன்னொரு மலை செய்தேன். வயிற்றில் ஒன்று. வரிசையாக மலை செய்து, இது அஞ்செட்டி, இது ஜவளகிரி, இங்கே யானை வரும் என்று கதை விட்டேன். தண்ணீரைக் கொஞ்ச நேரம் மறக்க வைத்துவிட்டேன் என்று எனக்கு அப்படியொரு பெருமை.

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. கண் உள்ளே போயிருந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிறாள், வயிறு காய்ந்துவிட்டது, இனி சரியாகிவிடும் என்று நினைத்தேன். நகர்ந்து நகர்ந்து வந்து பானையின் வயிற்றில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். பானையின் மேல் வேர்த்திருக்கும், அது காற்றில் போகும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போகும், அதனால்தான் குளிர்ச்சி என்று சார் சொல்லியிருந்தார். கன்னம் வைப்பதற்கு அம்மா தடை சொல்லவில்லை. விட்டுவிட்டேன்.

நாலரை மணிக்குக் கம்பெனிச் சங்கு ஊதியது. திரும்பிப் பார்த்தேன். அவள் தூங்கவில்லை. நாக்கை நீட்டிப் பானையின் வெளிப்பக்கத்தை நக்கிக்கொண்டிருந்தாள்.

குழவியை எப்படி இறக்கினேன் என்று நினைவில்லை. அவளுடைய டம்ளரில் மொண்டேன். சின்ன எவர்சில்வர் டம்ளர், அவள் பெயரைப் புள்ளி புள்ளியாகக் குத்தி வாங்கியது. தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தேன். தொண்டையில் மடக் மடக் என்று சத்தம். அவ்வளவு சின்னத் தொண்டையில் அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. டம்ளரைக் கழுவி, துடைத்து, இருந்த இடத்தில் கவிழ்த்தேன். என் சட்டையில் பட்ட ஈரத்தைக் காற்றில் விசிறினேன். கொஞ்ச நேரத்தில் குடித்ததில் பாதியை வாந்தி எடுத்தாள். அதையும் துடைத்தேன். பிறகு கூப்பிட்டால் அவள் பதில் சொல்லவில்லை.

அம்மா ஓடிவந்தபோது ஐந்து. ஒரு பார்வை பார்த்தாள். "தண்ணி குடுத்தியாடா?"

"இல்லம்மா."

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் அவளுடைய வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், நான் மலை செய்த அதே இடத்தில். "குடிக்க என்னம்மா குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஒரு சொட்டுக் குடுக்கலைங்க. எம்பையன் சொன்ன பேச்சு தட்ட மாட்டான். பொழுதுக்கும் காவல் இருந்தான்."

நர்ஸ் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஊசியை எடுத்துக்கொண்டு கை நரம்பு, கால் நரம்பு என்று ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார். நரம்பு கிடைக்கவில்லை. அந்தப் பார்வைக்கு அர்த்தம், இவன் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடித்துவிட்டார் என்பதுதான். நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

அவளைப் புதைத்த பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை நீங்கள் தாராளமாகச் சிரித்துக்கொண்டு கேட்கலாம். காக்கியைக் கண்டால் ஒளிந்தேன். போஸ்ட்மேன் வந்தபோது கக்கூஸில். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் 'யாருப்பா வீட்ல?' என்று கேட்டதற்குக் கட்டிலுக்கடியிலிருந்து 'யாருமில்ல' என்று பதில் சொன்னேன். பஸ் கண்டக்டர் விசில் ஊதினால் சீட்டுக்கடியில் குனிந்தேன். தூக்குத்தண்டனைக்கு வயது வரம்பு உண்டா என்று யாரிடம் கேட்பது?

என்னோடு பெஞ்சில் உட்கார்ந்த பையன் முன்பு ஒரு முறை சொல்லியிருந்தான், அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் தமிழ்நாட்டுப் போலீஸ் ஒன்றும் செய்ய முடியாது, ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று. எல்லையில் வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் இப்படியொரு சட்ட ஞானம் வரும். இரண்டு பாக்கெட் உடைந்த பிஸ்கட், ஒரு டவுசர், தடயமான டம்ளர், மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு ஒரு காலையில் பெங்களூர் ரோட்டில் நடந்தேன்.

ஜூஜூவாடிக்கு முன்னால் கம்பெனிக் கழிவு ஓடுகிற கறுப்புக் கால்வாய் ஒன்று. தடயத்தை அங்கே ஒழித்துவிடலாம் என்று டம்ளரை மெல்ல இறக்கினேன். அது மூழ்க மறுத்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, அசைந்து அசைந்து மிதந்தது. காலிப் பாத்திரம் ஏன் மிதக்கிறது என்று பரீட்சையில் எழுதியவன்தான் நான். அழுதுகொண்டே கல்லெடுத்து அடித்தேன். ஏழெட்டுக் கல் தப்பியது. ஒன்று பட்டது. சாய்ந்து, தண்ணீர் ஏறி, அவள் பெயரோடு உள்ளே போய்விட்டது. போன பிறகுதான், ஐயோ, அது அவளுடையது என்று உறைத்தது. இறங்கித் துழாவினேன். இடுப்புவரை கறுப்புச் சேறு. கிடைக்கவில்லை.

செக்போஸ்ட் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் பக்கமும் காக்கிச் சட்டைதான் போட்டிருந்தார்கள். இதை அந்தப் பையன் சொல்லவே இல்லை. நடுரோட்டில் நின்றுவிட்டேன். அப்போதுதான் எங்கள் தெருக் கடைக்கார பாய் மொபெட்டில் சரக்கோடு வந்தார்.

"என்னா தம்பி இது கோலம்? எங்க கெளம்பிட்ட?"

"கர்நாடகாவுக்கு."

"கர்நாடகாவுல எங்க?"

"மாமா வீட்டுக்கு."

"உங்க மாமன் ராயக்கோட்டைல இல்ல இருக்காரு? அது பின்னாடி போவுது. ஏறு."

அரிசி மூட்டைக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன். அம்மா சேறோடு கட்டிக்கொண்டாள். "தங்கச்சியத் தேடிக்கினு போயிருக்கான் எம்புள்ள" என்று லைன் முழுக்கச் சொல்லி அழுதாள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் விசாரணை வரும்.

பத்தொன்பது வருடம். என் மகளுக்கு மூன்று வயதில் அதே வயிற்றுப்போக்கு வந்தது. கிளினிக்கில் என் மனைவி பாட்டிலைத் திறந்து குழந்தை வாயில் வைக்கப்போனாள். நான் பாய்ந்து பிடுங்கினேன். பாட்டில் பறந்தது. டாக்டரைப் பார்க்க வந்த கூட்டமே எழுந்து நின்றது. நர்ஸ் என் கையைப் பிடித்தார்.

"என்ன சார் பண்றீங்க? தண்ணி குடுக்கலன்னாதான் சார் உயிருக்கு ஆபத்து. போறதுல தண்ணியும் உப்பும் சேந்து போவுது. போகப் போக ஊத்திக்கினே இருக்கணும். வாந்தி எடுத்தாலும் ஸ்பூன் ஸ்பூனா." குழந்தையின் தோலைக் கிள்ளி விட்டுக் காட்டினார். பட்டென்று இறங்கியது. "இது நல்லா இருக்கு. இப்பிடிக் கிள்ளுனா தோல் நிக்கிது, அழுதா கண்ணீர் வரலன்னா, அப்ப ஓடியாரணும்."

எனக்குக் கண் இருட்டியது. மகளுக்குப் போட்ட பெஞ்சில் என்னைப் படுக்க வைத்து, அவளுக்குக் கலக்கிய உப்புச் சர்க்கரைக் கரைசலில் எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினார்கள். மனைவி இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கிறாள்.

சிரிக்காத ஒரே ஆள் அம்மா. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேதான் இருந்தாள். "குடுக்கலாமா?" என்று நர்ஸைக் கேட்டாள். "குடுத்தே ஆகணும்மா" என்றார் நர்ஸ். அம்மா ஸ்பூனைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் மகள் தூங்கினாள். அம்மா கிண்ணமும் ஸ்பூனுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"ஏன்டா, அன்னிக்கு நீ குடுக்கவே இல்லியா?"

எந்தக் கேள்விக்குப் பயந்து கர்நாடகா வரைக்கும் ஓடினேனோ, அதே கேள்வி. அம்மாவின் கை கிண்ணத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. நான் ஆமாம் என்று சொல்ல வேண்டுமே என்று அவள் உடம்பே வேண்டிக்கொண்டிருந்தது.

"குடுத்தன்மா."

சட்டென்று நிமிர்ந்தாள். "சத்தியமா?"

"சத்தியமா. ஒரு டம்ளர்."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதாம்மா."

ஸ்பூனைக் கிண்ணத்துக்குள் வைத்தாள். பிறகு கேட்டாள். "அதுக்கப்பறம் கேட்டாளா?"

"இல்லம்மா. போதும்னுட்டா."

அம்மா தலையாட்டினாள். போன வருடம் இறந்துபோகும்வரை அதை நம்பினாள்.

கேட்டாள். "இன்னும், அண்ணா" என்று கேட்டாள். பானையில் தண்ணீர் இருந்தது. அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து நான் கொடுக்கவில்லை. உடம்பில் தண்ணீர் வற்றி, அன்று மாலை ஆறேகால் மணிக்கு என் தங்கை செத்துப்போனாள்.